வெட்டாத துணியாகக் கொண்டு வாருங்கள்

ஊவாத் தோட்டங்களில் துணி வியாபாரம் செய்யும் அக்காமாருக்கும் தங்கச்சிமாருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமாரே, தங்கச்சிமாரே,

பசறை, மடுல்சீமை, லுணுகலை, தெமோதரை, ஹப்புத்தளை, கொஸ்லந்தை என்று ஊவாத் தோட்டங்களில் லயத்துக்கு லயம் துணி கொண்டுபோய் விற்பவர்கள் நீங்கள். உங்களில் சிலர் இந்த வருஷத் தீபாவளிக்கும் இந்தியா போக டிக்கெட் விசாரிக்கிறீர்கள் என்று அறிகிறேன். போய் வாருங்கள், வியாபாரம் நல்லபடியாக நடக்கட்டும். ஆனால் கொஞ்சக் காலமாகப் புதிதாக ஒரு பழக்கம் வந்திருக்கிறது. முன்பு சேலை வாங்கி வந்தீர்கள், சுடிதார் துணி வாங்கி வந்தீர்கள். இப்போது இங்கேயே ஆட்களிடம் அளவு கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டு போய், ஜாக்கெட்டையும் சுடிதாரையும் அங்கேயே தைத்து முடித்து மூட்டையாகக் கொண்டு வருகிறீர்கள். அந்த ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஹாலிஎலப் பக்கம் தையல் மெஷின் போட்டுப் பிழைப்பவள். நீங்கள் தைத்துக் கொண்டுவந்தால் எனக்கு வேலை குறையும், துணியாகக் கொண்டுவந்தால் கூடும். ஆகவே நான் சொல்வதில் என் வயிறும் சேர்ந்தே பேசுகிறது. அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கேளுங்கள்.

உண்மையைச் சொன்னால், தீபாவளிக்கு முந்திய கிழமை என் மேசையில் குவிவதே நீங்கள் தைத்துக் கொண்டுவந்த ஜாக்கெட்டுகள்தான். "அக்கா, கை ஏற மாட்டேங்குது." "முன்பக்கம் தூக்குது." "கொக்கி மாட்டினா மூச்சு முட்டுது." ஒன்றை மட்டும் சொல்கிறேன். அரக்கு நிறம். கழுத்தைச் சுற்றிச் சரிகைப் பைப்பிங், முதுகில் ஜன்னல் வெட்டி நாடா, நாடா நுனியில் குஞ்சம். கண்ணை எடுக்க முடியாத வேலைப்பாடு. வாங்கியவள் கொழுந்து எடுக்கும் பிள்ளை. முழங்கை தாண்டியதும் ஜாக்கெட் கை அதற்குமேல் ஏறவில்லை. பிரித்து விடலாம் என்று உட்புறம் திருப்பிப் பார்த்தேன். அக்குளுக்குக் கீழே தையலைத் தாண்டிக் கால் அங்குலம்தான் துணி. அதிலும் ஓவர்லாக் அடித்து ஓரத்தை நறுக்கியாகிவிட்டது. லைனிங்கும் மேல்துணியும் ஒன்றாக அடித்திருந்ததால் ஒன்றைப் பிரித்தால் மற்றதும் நூல் விடும். வேறு வழியில்லாமல் அக்குளில் ஒரு துண்டு வைத்துக் கொடுத்தேன். அதே அரக்கு பதுளைக் கடைவீதி முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. கிட்டத்தட்டப் பொருந்தும் ஒரு நிறத்தை வைத்தேன். அந்தப் பிள்ளை தீபாவளியன்று கையைத் தூக்காமலே கோயிலுக்குப் போய் வந்திருப்பாள்.

அங்கே தைத்தவரில் குற்றம் சொல்லமாட்டேன். நூறு, இருநூறு என்று ஜாக்கெட் கொடுத்தால் அது கூலித் தையலுக்குத்தான் போகும். கட்டிங் மாஸ்டர் ஒரே அளவுள்ளதை அடுக்கி வைத்து ஒரே வெட்டாக வெட்டுவார். ஒருவர் கை, ஒருவர் கழுத்து, ஒருவர் கொக்கி என்று வேலை பிரியும். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர் உள்ளே ஓர் அங்குலம் துணி விட்டுத் தைத்துக்கொண்டிருக்க மாட்டார். நீங்கள் கொடுக்கும் கொப்பியில் இருப்பதும் பெரும்பாலும் ஒரே எண்தான்: 34, 36, 38. மார்புச் சுற்றளவு மட்டும் தெரிந்தால் ஜாக்கெட் வந்துவிடுமா? தோள் எவ்வளவு, கைச் சுற்று எவ்வளவு, அக்குள் வளைவு எங்கே முடிகிறது, முன் இறக்கம் என்ன, முதுகு எவ்வளவு அகலம்? அதே 36 மார்புள்ள நாலு பேரை என் கடையில் நிறுத்தினால் நாலு விதமாக வெட்டவேண்டி வரும். அதிலும் எங்கள் பெண்களின் கையும் தோளும் வேறு. வயதுக்கு வந்த காலத்திலிருந்து மலையேறிக் கொழுந்து பறித்து, கூடையையோ பையையோ நெற்றியிலும் தோளிலும் தாங்கி மடுவத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தவர்கள். மேல்கை திரண்டிருக்கும், முதுகு அகன்றிருக்கும், இடுப்பு ஒட்டியிருக்கும். திருச்சியிலோ மதுரையிலோ மாஸ்டரின் கையில் இருக்கும் 36 என்ற அட்டை இந்த உடம்பைக் கண்டதில்லை.

குளிரையும் மறக்காதீர்கள். பதுளை டவுன் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹப்புத்தளை 1,400ஐத் தாண்டும். ஒக்டோபர், நவம்பர் ஊவாவில் மழைக்காலம். சென்னைத் தி.நகர் வெயிலுக்குக் கையில்லாத ஜாக்கெட் சரி. தம்பேதன்னை பக்கம் தீபாவளி விடியலில் எண்ணெய் வைத்துக் குளித்துவிட்டு அதை யார் போடுவது? போட்டோவுக்குப் போட்டுவிட்டு மேலே ஸ்வெட்டரை மாட்டிக்கொள்கிறார்கள். குஞ்சம் ஸ்வெட்டருக்குள்ளே போய்விடுகிறது.

நீங்கள் ஏன் அங்கே தைக்கிறீர்கள் என்பது எனக்கு விளங்காமல் இல்லை. கூலி குறைவு. ஆரி வேலை, மெஷின் எம்பிராய்டரி, கண்ணாடி, கல் எல்லாம் அங்கே தெருவுக்குத் தெரு. போனில் ஒரு நடிகையின் ஜாக்கெட்டைக் காட்டினால் மறுநாள் அதே மாதிரி தருகிறார்கள். அதோடு உறவும் இருக்கிறது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று மலையகத் தமிழரான எங்களைப் பங்கு போட்டார்கள். ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட், தம்பிக்கு இலங்கைக் குடியுரிமை என்று வந்தது. போனவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் அதே கொழுந்தைத்தான் பறித்தார்கள். சிலருக்கு நூல் ஆலைகளில் வேலை கிடைத்தது. தாயகம் திரும்பியவர்களுக்கென்றே 1969இல் ரெப்கோ வங்கி வந்தது. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று திருச்சியிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கிறார்கள். நீங்கள் போனால் தங்க ஒரு வீடு, தையல்காரரிடம் கூட வர ஒரு சித்தி, பாதித் துணி தைத்து முடியாவிட்டால் வாங்கி அனுப்ப ஒரு மச்சான். இந்த வியாபாரத்தில் உங்களுக்குள்ள பெரிய பலம் அதுதான். கொழும்புப் புறக்கோட்டை மொத்த வியாபாரிக்குக் காசு இருக்கலாம், அங்கே சித்தி கிடையாது.

தலைமன்னாரிலிருந்து கப்பல் ஓடிய காலத்திலும் துணி வந்தது. கோச்சியில் போய்க் கப்பலேறி, ஊருக்குப் போய்வந்த தாத்தாமார் டிரங்குப் பெட்டியில் கொண்டுவந்தது சேலையும் வேட்டியும் துண்டும். தைத்த ஜாக்கெட்டை யாரும் கொண்டுவரவில்லை. ஜாக்கெட் லயத்தில் கைத்தையலாகவோ, தோட்டத்துக்கு ஒருவரிடம் இருந்த கைமெஷினிலோ தைக்கப்பட்டது. பொட்டணி சுமந்து வந்த வியாபாரிகளும் வெட்டுத்துணியைத்தான் விரித்துக் காட்டினார்கள். முழக்கோலால் அளந்து கிழித்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பெயரைக் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். நீங்கள் செய்வது அந்தப் பொட்டணி வியாபாரத்தின் விமானம் ஏறிய வடிவம்.

வெளியூரில் தைத்து எடுத்து வருவதும் உலகத்துக்குப் புதிதில்லை. ஹொங்கொங்கின் கவுலூனில் சிந்திகளின் தையல்கடைகள் வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கோட்டு தைத்தே பேர் வாங்கியவை. வியட்நாமின் ஹோய் ஆன் நகரத்தில் இன்று அளவு கொடுத்தால் நாளை உடுப்பு. எங்களுக்குக் கிட்டவே மதுரையில் புதுமண்டபம் இருந்தது. மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய மண்டபம் அது. சிற்பத் தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல் மெஷின்கள். அழகர் திருவிழாவுக்கு வேஷம் கட்டுபவர்களின் உடுப்பும் அங்கேதான், கோயில் பார்க்க வந்த வெள்ளைக்காரரின் சட்டையும் அங்கேதான். கோயிலைச் சுற்றிவிட்டு வருவதற்குள் தைத்துக் கொடுத்துவிடுவார்கள். சில வருஷங்களுக்கு முன் அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள், தொழில் நடக்கிறது. இந்த மூன்று இடத்திலும் ஒரு பொது விஷயத்தைக் கவனியுங்கள். உடுத்துகிறவர் நேரில் போய் நிற்கிறார். போட்டுப் பார்க்கிறார். எங்காவது இறுக்கிப் பிடித்தால் அங்கேயே பிரித்து விடுகிறார்கள். 1990களில் சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு ரஷ்யாவிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் பெண்கள் இஸ்தான்புல்லின் லாலேலிக் கடைவீதிக்குப் போய்ப் பெரிய பெரிய பைகளில் உடுப்பு அள்ளி வந்து ஊரில் விற்றார்கள். பள்ளிக்கூட டீச்சரும் இன்ஜினியரும் அதில் இருந்தார்கள். அவர்கள் கொண்டுவந்தது ரெடிமேட். யார் உடம்புக்குச் சேருகிறதோ அவர் வாங்கினார். நீங்கள் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டீர்கள். ஆள் இங்கே, அளவு கொப்பியில், மாஸ்டர் அங்கே, திருத்துபவள் ஹாலிஎலயில்.

காசுக் கணக்குக்கு வருவோம். நான் போடும் எண்கள் உதாரணத்துக்கு. உங்கள் எண்ணை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே துணி, லைனிங், தையல் கூலி எல்லாம் சேர்த்து ஒரு ஜாக்கெட் 350 இந்திய ரூபாய் என்று வையுங்கள். 2021இல் ஓர் இந்திய ரூபாய்க்கு நாம் மூன்று ரூபாய்க்குக் குறைவாகக் கொடுத்தோம். 2022 நெருக்கடியில் அது நாலரைக்குக் கிட்டப் போனது. 2025இல் மூன்றரை அளவில் நின்றது. மூன்றரையால் பெருக்கினால் 1,225. டிக்கெட், விசா, அங்கே ஓட்டோ, சாப்பாடு, பதுளையிலிருந்து கட்டுநாயக்கவுக்குப் போய்வரும் செலவு எல்லாம் 80,000 என்றால் நூறு ஜாக்கெட்டில் ஒன்றுக்கு 800. ஆக 2,025. இனி அந்த நூறில் பத்து யாருக்கும் சேராமல் உங்கள் அலுமாரியில் தங்கிவிட்டால், அந்தப் பத்தின் முதலும் மற்றத் தொண்ணூறின் தலையில்தான் ஏறும். ஒன்று 2,250 ஆகிவிடும். திருத்தக் கொடுத்த கூலி அதற்கு மேலே. அங்கே விலையோடு சேர்த்துக் கட்டிய 5 சதவீத ஜிஎஸ்டியும் கைப்பையில் கொண்டுவருபவருக்குத் திரும்பி வராது.

இதே கணக்கை வெட்டாத ஜாக்கெட் பிட்டில் போட்டுப் பாருங்கள். பிட் யாருக்கும் சேராமல் போவதில்லை. தீபாவளிக்கு விற்காதது பொங்கலுக்கு விற்கும். பொங்கலுக்கும் விற்காவிட்டால் மாசி, பங்குனியில் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போகும். தைத்த லைனிங் ஜாக்கெட் ஒன்று பிடிக்கும் இடத்தில் இரண்டு மூன்று பிட் மடிந்து கிடக்கும். விமானத்தில் கிலோவுக்குக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை. ஓர் ஆளுக்கென்று வெட்டிய துணி அந்த ஆளுக்கு மட்டும்தான் உதவும். அவள் வேண்டாம் என்றால் அது சரக்கில்லை, கழிவு.

வேண்டாம் என்று சொல்வதற்கு அவளுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். தோட்டத்தில் கடனுக்கு விற்பது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாள் சம்பளம் 1,350 ஆனது. 2026 வரவுசெலவுத் திட்டத்தில் அடிப்படை 1,550, வேலைக்கு வருவதற்கு ஊக்கப்படி 200 என்று அறிவித்தார்கள். உங்கள் ஜாக்கெட்டின் விலை ஒரு நாள் சம்பளத்துக்கு மேலே. சேலையோடு சேர்த்தால் சில நாள் மலையேறவேண்டும். அவள் வாங்குவது தீபாவளி முற்பணத்தில். முற்பணம் இனாம் இல்லை, அடுத்தடுத்த மாதச் சம்பளத்தில் வெட்டிக்கொள்வார்கள். நீங்கள் தவணை கேட்டு வாசலில் நிற்கும் அதே பத்தாம் திகதியில்தான் அந்த வெட்டும் விழும். அப்போது கை சேராத ஜாக்கெட்டுக்கு அவள் எப்படிக் காசு தருவாள்? "திருத்திக் குடுங்க, பிறகு தாறேன்" என்பாள். நியாயம்தானே. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் பதுளை மாவட்டம் எப்படிச் சரிந்தது என்பதை நாம் எல்லாரும் கண்டோம். அதற்கு முந்திய தீபாவளிக்கு வாங்கிய துணியின் கடன் இன்னும் கொப்பியில் நிற்கும் வீடுகள் இருக்கின்றன. அதை நீங்கள் கேட்காமல் விட்டிருந்தால் உங்களுக்கு ஒரு கும்பிடு.

கிழமைக் கடன் எடுத்து டிக்கெட் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேண்டாம். துணியின் காசு உங்களுக்கு வருவது மாதத்துக்கு ஒருமுறை. கிழமைக் கடன்காரன் கிழமைக்கு ஒருமுறை வாசலில் நிற்பான். அந்த இரண்டும் ஒருநாளும் ஒன்றாகப் போகாது. சீட்டுக் காசில் போங்கள், இரண்டு மூன்று பேர் கூட்டாகப் போட்டு ஒருவர் மட்டும் போங்கள்.

அங்கே தைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உடம்பைக் கேட்காத உடுப்பு நிறைய இருக்கிறது. உள்பாவாடையை அங்கே தைத்து வாருங்கள், நாடா கட்டினால் யாருக்கும் சேரும். சேலைக்கு ஃபால்ஸ் அடித்து, ஓரம் மடித்து, முந்தானைக்குக் குஞ்சம் கட்டி வாருங்கள். அந்த வேலையை இங்கே யாரும் அந்தக் கூலிக்குச் செய்யமாட்டார்கள். சின்னப் பிள்ளைகளின் பட்டுப்பாவாடையை வயதுக்கணக்கில் தைக்கலாம், ஆனால் அடியில் இரண்டு மடிப்பும் சட்டையின் பக்கத்தில் துணியும் விடச் சொல்லுங்கள். எங்கள் வீடுகளில் ஒரு பாவாடை இரண்டு தீபாவளி காணவேண்டும், பிறகு தங்கச்சிக்கு இறங்கவேண்டும். எம்பிராய்டரியும் ஆரியும்தான் ஆசை என்றால் அதற்கும் வழி இருக்கிறது: கழுத்துக்கும் கைக்கும் வேலைப்பாடு போட்டு, வெட்டாமல் அப்படியே துணியாக வாங்குங்கள். அப்படி வேலைப்பாடு முடித்த பிட்டே கடைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அழகு அங்கேயிருந்து வரட்டும், அளவு இங்கே எடுத்துக்கொள்ளலாம். பெரியபிள்ளையான சடங்குக்கும் கும்பாபிஷேகத்துக்கும் இப்போது ஒரே நிறத்தில் இருபது, முப்பது சேலை கேட்கிறார்கள். அதுதான் உங்கள் சித்தியின் ஊரில் நின்று வாங்கவேண்டிய சரக்கு. பதுளைக் கடையில் ஒரே சாயத்தில் முப்பது கிடைப்பது கஷ்டம்.

அப்படியும் ஜாக்கெட்டை அங்கேதான் தைப்பேன் என்று நிற்பவர்கள் எண் எழுதிய கொப்பியைக் கொண்டுபோகாதீர்கள். ஆளுக்கு ஓர் அளவு ஜாக்கெட்டைக் கொண்டுபோங்கள், அவள் இப்போது போட்டுக்கொண்டிருக்கிற, அவளுக்குச் சேருகிற ஜாக்கெட். அதன் உள்ளே பெயரை நூலால் தைத்துவிடுங்கள், பேனா மை கழுவினால் போய்விடும். இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் துணி விடாமல் வாங்கமாட்டேன் என்று மாஸ்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அதற்கு உருப்படிக்குக் கொஞ்சம் கூடக் கேட்பார், கொடுங்கள்.

இங்கே தைக்க ஆள் எங்கே என்பீர்கள். எங்கள் தோட்டங்களிலிருந்து எத்தனை பிள்ளைகள் கட்டுநாயக்கவுக்கும் பியகமவுக்கும் போய் கார்மென்டில் இருந்துவிட்டு வந்திருக்கிறார்கள். 1978இல் கட்டுநாயக்க வலயம் திறந்ததிலிருந்து இந்த நாடு வெளிநாட்டுக்காரருக்கு உடுப்புத் தைத்தே டொலர் சம்பாதிக்கிறது. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அமெரிக்கா 2025 ஏப்ரலில் எங்கள் சரக்குக்கு 44 சதவீத வரி என்று சொன்னபோது முதலில் பதறியதும் அவர்கள்தான். பிறகு அது 20ஆக இறங்கியது. லண்டன்காரிக்கும் நியூயோர்க்காரிக்கும் உள்ளாடை தைக்கிற கையே எங்கள் லயத்துப் பிள்ளையின் கை. அவள் ஊர் திரும்பி வந்து சும்மா இருக்கையில், அவள் அம்மா போடும் ஜாக்கெட் கடல் தாண்டித் தைத்து வருகிறது. இது எனக்கு மனசில் குத்துகிற விஷயம், ஒளிக்காமல் சொல்கிறேன்.

அந்தப் பிள்ளைகளிடம் ஒரு குறை உண்டு. கார்மென்டில் ஒருத்திக்கு ஒரே வேலை: வருஷக்கணக்காகக் கொலர் மட்டும், அல்லது பொக்கெட் மட்டும். ஜுக்கி மெஷினில் அவள் வேகத்துக்கு நான் நிற்கமாட்டேன். ஆனால் ஒரு துணியைக் கையில் கொடுத்து வெட்டு என்றால் தயங்குவாள், கத்தரிக்கோல் அவளுக்குப் பழக்கமில்லை. வெட்டுவதை மட்டும் கற்றுக்கொண்டால் போதும். தொழிற்பயிற்சி அதிகாரசபையில் தையல் பாடநெறி இருக்கிறது, தேசிய தொழில் தகைமைச் சான்றிதழும் தருகிறார்கள். ஒரு தோட்டத்துக்கு ஒருத்தி வெட்ட, மூன்று பேர் மூட்ட, ஒருத்தி கொக்கியும் ஓரமும் பார்க்க என்று அமைந்தால், நீங்கள் கொண்டுவரும் நூறு பிட் ஒரு கிழமையில் முடியும். வாங்குகிறவள் பெரட்டு முடிந்து மலைக்குப் போகிற வழியில் வந்து போட்டுப் பார்த்துவிட்டுப் போவாள். பிடித்தால் அன்று பின்னேரமே பிரித்து விடலாம்.

துணி அங்கே, தையல் இங்கே என்பது நானாகக் கண்டுபிடித்ததும் இல்லை. இந்தியாவும் இலங்கையும் 1998 டிசம்பர் 28இல் கையெழுத்திட்டு 2000 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த சுதந்திர வர்த்தக உடன்படிக்கையைப் பாருங்கள். இலங்கையில் தைத்த உடுப்பு வருஷத்துக்கு 80 இலட்சம் உருப்படி சலுகைத் தீர்வையில் இந்தியாவுக்குப் போகலாம் என்று ஆரம்பத்தில் எழுதினார்கள். அதில் 60 இலட்சம் இந்தியத் துணியில் தைத்ததாக இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. பெரிய முதலாளிகளும் மந்திரிமாரும் உட்கார்ந்து போட்ட கணக்கு அது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இலவசச் சீருடையும் அப்படித்தான். 2025ஆம் ஆண்டுக்கு முழுத் துணியையும் சீனா கொடுத்தது. பிள்ளையின் கைக்கு அது துணியாகத்தான் வந்தது. தைத்தது ஊர்த் தையல்காரி. நாட்டிலுள்ள அத்தனை பிள்ளைக்கும் எண் பார்த்துச் சீனாவிலேயே தைத்து அனுப்பியிருந்தால் எத்தனை பிள்ளை தொளதொளத்த சட்டையோடு போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எங்கள் பக்கத்துக் குறையையும் நீங்கள் கேட்பீர்கள், கேட்கவேண்டும். ஊர்த் தையல்காரர்கள் சொன்ன நாளுக்குக் கொடுப்பதில்லை. தீபாவளிக்கு முதல் நாள் இரவு வரைக்கும் ஆட்களை வாசலில் உட்கார வைக்கிறோம். புது மாடல் கேட்டால் "அதெல்லாம் நிக்காது" என்று முகத்தைத் திருப்புகிறோம். மிச்சத் துணியைத் திருப்பிக் கொடுப்பதில்லை. இதனால்தான் நீங்கள் கடல் தாண்டினீர்கள் என்றால் அதில் பாதி எங்களால். நூறு பிட்டை மொத்தமாக, நாள் குறித்து, முன்காசோடு கொடுங்கள். நாள் தவறினால் கூலியில் வெட்டுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத தையல்காரியிடம் கொடுக்காதீர்கள், அது நானாக இருந்தாலும்.

சுங்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பயணப் பொதிக்குள்ள தீர்வைச் சலுகை உங்கள் சொந்தப் பாவனைக்குத்தான். நூறு ஜாக்கெட்டோ நூறு பிட்டோ, வியாபார அளவில் வந்தால் அது அந்தச் சலுகைக்குள் அடங்காது. மறைத்துக் கொண்டுவந்து அகப்பட்டால் சரக்கைப் பறிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது; ஒரு வருஷச் சீட்டுக் காசு ஒரு பின்னேரத்தில் போய்விடும். 2024 ஜனவரியிலிருந்து வற் வரியே 18 சதவீதம். துணிக்கும் தைத்த உடுப்புக்கும் சுங்க அட்டவணையில் வேறு வேறு அத்தியாயம். தைத்த உடுப்பு 61, 62இல் வரும், துணி அதற்கு முந்திய அத்தியாயங்களில். இரண்டுக்கும் கட்டவேண்டியது என்ன என்று போவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியுங்கள், வரி இலக்கம் எடுங்கள், நாலைந்து பேர் சேர்ந்து ஒரே சரக்காகக் கார்கோவில் போடுங்கள். விமான நிலையத்தில் நெஞ்சு படபடக்க நிற்பதைவிட அது மலிவு. இன்னொன்று: திருச்சியிலோ சென்னையிலோ யாராவது "இந்தப் பையை மட்டும் கொழும்பில குடுத்திடுங்க, டிக்கெட் காசு நாங்க தாறோம்" என்றால் அந்த இடத்தை விட்டு எழும்பி வந்துவிடுங்கள். சரக்குக் கடத்தும் குருவி வேலைக்கு அவர்கள் தேடுவது உங்களைப் போலச் சேலை கட்டிய, பொட்டு வைத்த, சந்தேகப்படாத முகத்தைத்தான்.

இந்த வருஷம், 2026இல், தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. சம்பளம் பத்தாம் திகதி. பண்டிகை சம்பளத்துக்கு இரண்டு நாள் முந்தி வருகிறது. ஆகவே ஆட்கள் கையில் காசு இருப்பது ஒக்டோபர் பத்தாம் திகதிச் சம்பளத்திலும் முற்பணத்திலும்தான். கச்சான் காற்றடிக்கும் ஆகஸ்டில் கொழுந்து குறைவு, வீட்டில் ஆள் இருக்கும். அப்போதே லயம் லயமாகப் போய் நிறத்தையும் ஆசையையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அளவை எழுதவேண்டாம். செப்டெம்பர் முடிவதற்குள் துணியைப் பதுளைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள். தைக்க எங்களுக்கு நாலு கிழமை வேண்டும்.

இப்படிக்கு,
ஹாலிஎலயிலிருந்து ஒரு தையல்காரி